வண்டூர் என்னும் பெயரும் மஞ்சேரியின் நாடகாசிரியரும்

2024 செப்டம்பரில் அந்தமான் தலைநகரான போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று ஒன்றிய அரசு பெயர் சூட்டியது. காலனிய அடையாளத்தைத் துடைத்தெறியும் செயல் என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது. அதே நகரிலிருந்து தென்மேற்கே, சாலை கடலைத் தொட்டு முடியும் இடத்தில் வண்டூர் என்ற சிற்றூர் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஒரு படகுத்துறை. 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளுக்கு அங்கிருந்துதான் படகேற வேண்டும். பயணச்சீட்டை வாங்குபவர்களில் பலருக்கு அந்த ஊர்ப் பெயரின் வரலாறு தெரியாது.

அந்தப் பெயரைச் சூட்டியவர் எந்த அமைச்சரும் அல்லர். கேரளத்தின் ஏறநாட்டில், மஞ்சேரிக்கும் நிலம்பூருக்கும் இடையில் வண்டூர் என்றொரு ஊர் உண்டு. 1921ஆம் ஆண்டு மலபார் எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு, நாடு கடத்தப்பட்ட மாப்பிளா விவசாயிகளோடு கப்பலேறி வந்த பெயர் அது. தெற்கு அந்தமானில் வண்டூர் மட்டுமின்றி மஞ்சேரியும் இருக்கிறது. காலிகட்டும் திரூரும் மன்னார்காடும் இருக்கின்றன. காட்டை வெட்டிக் கழனியாக்கும்படி பணிக்கப்பட்ட கைதிகள், திரும்பிச் செல்ல இயலாத ஊர்களின் பெயர்களைப் புதிய மண்ணில் நட்டுவைத்தார்கள். காலனிய எதிர்ப்பின் உண்மையான அடையாளங்கள் தீவுகளின் வரைபடத்தில் ஒரு நூற்றாண்டாகவே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்க ஆளும் கட்சிக்கு மனமில்லை.

செல்லுலார் சிறையின் பெருமையை இடதுசாரி இயக்கம் நன்கறியும். 1933, 1937ஆம் ஆண்டுகளின் உண்ணாநிலைப் போராட்டங்களும், 1935இல் அச்சிறைக்குள்ளேயே உருவான கம்யூனிஸ்ட் கூட்டமைப்பும் கட்சி வகுப்புகளில் சொல்லித் தரப்படுகின்றன. சிறைச் சுவருக்கு வெளியே குடியேற்றக் கைதிகளாக வாழ்ந்த ஏறநாட்டு விவசாயிகளின் கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அவர்கள் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்காக எழுதியவர்களும் குறைவு. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற மண்ணில், அவர்களுடைய உறவினர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆளான தலைமுறையில், அந்த மக்களின் அன்றாட வாழ்வை மேடையேற்றிய ஒரு நாடகாசிரியர் தோன்றினார். அவர் பிறந்த ஊர் மஞ்சேரி. பெயர் கே.டி.முகம்மது.

அவரைப் பற்றி இன்று பேசுவதற்குக் காரணம் நினைவஞ்சலி மட்டுமன்று. ஒரு மக்கள் பிரிவை அரக்கர்களாகச் சித்திரிக்கும் வேலை அரசின் ஆசியோடு நடக்கும் காலத்தில், அதே மக்களை அண்டை வீட்டார்களாக மேடையில் நிறுத்தியவரின் பணி இடதுசாரிகளுக்கு நடைமுறைப் பாடமாக இருக்கிறது.

எழுச்சியும் அவதூறும்

1921 ஆகஸ்டில் திரூரங்காடியில் தொடங்கி ஏறநாடு, வள்ளுவநாடு வட்டங்களில் பரவிய எழுச்சியைப் பிரிட்டிஷ் அரசு மதவெறிக் கலவரம் என்று பதிவு செய்தது. ஜன்மிகளின் குத்தகைக் கொள்ளையும், நினைத்தபோது குத்தகைதாரரை வெளியேற்றும் கொடுமையும், அந்தக் கொள்ளைக்குக் காவல் நின்ற காலனி நிர்வாகமும் அந்தப் பதிவில் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் திரூரிலிருந்து ரயில் சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளில் ஏறத்தாழ 70 பேர் மூச்சுத் திணறி மாண்டனர். போத்தனூரில் பெட்டியைத் திறந்தபோது வெளிப்பட்ட அந்தக் கொடுமை தமிழ் மண்ணுக்கும் உரிய நினைவு.

எழுச்சியின் 25ஆம் ஆண்டில், 1946இல், தோழர் இ.எம்.எஸ்.நம்பூதிரிபாட் ‘அழைப்பும் எச்சரிக்கையும்’ என்ற பொருள்பட எழுதிய கட்டுரை, அந்நிகழ்வின் இரு முகங்களையும் ஒருங்கே எடுத்துக்காட்டியது. ஏகாதிபத்தியத்துக்கும் நிலப்பிரபுத்துவத்துக்கும் எதிராக எழுந்த உழவர்களின் வீரம் ஓர் அழைப்பு. சில இடங்களில் அது மதவாதப் பாதைக்குத் திரும்பியது ஓர் எச்சரிக்கை. வீரத்தை மறைக்கவும் இல்லை, பிழையை மூடவும் இல்லை.

இன்றைய ஆட்சியாளர்களுக்கு அந்த நேர்மை ஒத்துவரவில்லை. விடுதலைப் போராட்டத் தியாகிகள் அகராதியிலிருந்து வாரியங்குன்னத்து குஞ்ஞகம்மது ஹாஜி, அலி முசலியார் உள்ளிட்ட 387 மாப்பிளா தியாகிகளின் பெயர்களை நீக்க வேண்டும் என்று இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு 2021இல் பரிந்துரைத்தது. 1969 ஜூனில் இ.எம்.எஸ். அமைச்சரவை மலப்புரம் மாவட்டத்தை உருவாக்கியபோதும் ‘குட்டி பாகிஸ்தான்’ என்ற கூச்சல் எழுந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் கூச்சலின் சுருதி மாறவில்லை.

வரலாற்று நூல்களாலும் ஆவணங்களாலும் இந்தக் கூச்சலுக்குப் பதில் சொல்ல முடியும், சொல்ல வேண்டும். ஆனால் ஆவணத்தைப் படிப்பவர் சிலர். பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்ற எண்ணம் பெரும்பான்மை மக்களிடம் கதையாலும் பாட்டாலும் காட்சியாலும்தான் உருவாகிறது. அந்தக் களத்தில் 1950களிலேயே இறங்கியவர் கே.டி.முகம்மது.

அஞ்சல் ஊழியர் எழுதிய நாடகம்

1927இல் மஞ்சேரியில் பிறந்த அவர், கோழிக்கோட்டில் அஞ்சல் துறை ஊழியராக வேலை பார்த்தார். அஞ்சலகம் என்பது ஓர் ஊரின் எல்லா வீடுகளின் செய்தியும் கடந்து செல்லும் வாசல். பணவிடைக்காகக் காத்திருக்கும் தாய், வெளியூர் போனவனிடமிருந்து கடிதம் வராத மனைவி, தந்தி என்றாலே நடுங்கும் முதியவர் என எல்லோரும் அந்தச் சாளரத்தின் முன் வந்து நிற்பார்கள். எழுத்தையே தொழிலாகக் கொண்ட மேட்டுக்குடி வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை. மாதச் சம்பளத்தில் வாழும் சிறு ஊழியராக இருந்துகொண்டே, தம்மைப் போன்றவர்களைப் பற்றித்தான் எழுதினார்.

முதலில் கவனம் பெற்றது சிறுகதை. 1950களின் தொடக்கத்தில் ‘நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன்’ இதழின் உலகச் சிறுகதைப் போட்டியையொட்டி மலையாளத்தில் நடந்த போட்டியில் அவருடைய ‘கண்ணுகள்’ முதற்பரிசு பெற்றது. பரிசோடு அச்செழுத்தின் உலகத்திலேயே அவர் தங்கியிருக்கலாம். ஆனால் அவர் எழுத நினைத்த மக்களில் பெரும்பாலோர் அன்று எழுத்தறியாதவர்கள். பெண்களில் படித்தவர்கள் இன்னும் குறைவு. அவர்களைச் சென்றடைய நாடகமே வழி.

1953இல் ‘இது பூமியாணு’ மேடையேறியது. ‘இது பூமி’ என்று பொருள்படும் அந்தத் தலைப்பே ஒரு வாதம். மறுமையைக் காட்டி இம்மையின் அநீதிகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்பவர்களிடம், மனிதன் வாழும் இடம் இதுதான் என்று அது நினைவூட்டியது. மதத்தின் பெயரால் பெண் கல்வியை மறுக்கும் பழமையையும், மூடநம்பிக்கையால் வயிறு வளர்க்கும் கூட்டத்தையும் ஒரு சாதாரண முஸ்லிம் குடும்பத்துக்குள் வைத்தே நாடகம் விசாரித்தது. மேடையில் மன்னரில்லை, புராண நாயகரில்லை. திண்ணை, அடுக்களை, கதவுக்குப் பின்னால் நின்று பேசும் பெண், கடன் கேட்டு வரும் உறவினர் ஆகியோரே இருந்தார்கள். பாத்திரங்கள் பேசியது பாடநூல் மலையாளமல்ல. கோழிக்கோட்டுச் சந்திலும் ஏறநாட்டுச் சந்தையிலும் கேட்கும் மொழி.

மலபார் முஸ்லிமின் பேச்சு அதுவரை பெரும்பாலும் நகைச்சுவைக்கே மேடையில் பயன்பட்டது. அதே பேச்சில் துயரத்தையும் வாதத்தையும் காதலையும் சொல்ல முடியும் என்று காட்டியது சிறிய செயலல்ல. தமிழ் நாடக மேடையிலும் திரையிலும் உழைக்கும் மக்களின் வட்டார வழக்கு எவ்வளவு காலம் சிரிப்புக்கான கருவியாகவே இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

பின்னர் எழுதிய ‘கறவற்ற பசு’வில் அவருடைய பார்வை சமூகச் சீர்திருத்தத்தைத் தாண்டிப் பொருளாதாரத்தின் உள்ளிடத்துக்கே சென்றது. பால் வற்றிய பசுவுக்குத் தொழுவத்தில் இடமில்லை. சம்பாதிக்கும் வலிமையை இழந்த மனிதனுக்குக் குடும்பத்தில் என்ன இடம் என்ற கேள்வி அது. முதலாளித்துவம் குடும்ப உறவுகளின் உணர்ச்சித் திரையைக் கிழித்து அவற்றை வெறும் பண உறவுகளாக்கிவிடுகிறது என்ற மார்க்சிய ஆசான்களின் கருத்தைக் கட்சி வகுப்பில் விளக்க ஒரு மணி நேரமாகும். ஒரு வீட்டின் ஒரு மாலைப் பொழுதில் அதைப் பார்வையாளரின் கண்முன் நிறுத்துவது நாடகம்.

மேடையை நோக்கிச் சுடப்பட்ட குண்டு

கே.டி.முகம்மது தனித்து நின்றவரல்லர். அதே காலத்தில் நிலம்பூரில் இ.கே.அயமு என்ற கம்யூனிஸ்ட் கலைஞர் ‘இஜ்ஜு நல்லொரு மன்ஸனாகான் நோக்கு’ என்ற நாடகத்தை எழுதினார். ‘நீ நல்ல மனிதனாகப் பார்’ என்பது அதன் பொருள். தலைப்பே ஏறநாட்டு மாப்பிளா வழக்கு. நிலம்பூர் யுவஜன கலாசமிதி அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. பெண் வேடத்தை ஆண்களே ஏற்ற காலத்தில், முஸ்லிம் பெண் ஒருவரே மேடையேறினால் என்ன என்ற கேள்வி எழுந்தது. பதின்ம வயதில் அந்த அழைப்பை ஏற்று வந்தவர் நிலம்பூர் ஆயிஷா.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. மதப் பழமைவாதிகள் அவரையும் குடும்பத்தையும் ஒதுக்கி வைத்தார்கள். மேடைகள் மீது கல்வீச்சு நடந்தது. மஞ்சேரியில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது அவரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு தவறியது, ஆயிஷா நடிப்பைக் கைவிடவில்லை. கே.டி.முகம்மதுவின் பிறந்த ஊரிலேயே, அவர் எழுதிய அதே பழமைவாதம் துப்பாக்கியோடு பார்வையாளர் பக்கத்தில் நின்றது.

இந்த நாடகங்களுக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1929இல் வி.டி.பட்டதிரிபாட் ‘அடுக்களையிலிருந்து அரங்குக்கு’ என்று பொருள்படும் நாடகத்தால் நம்பூதிரி இல்லங்களின் அந்தப்புரக் கதவைத் தட்டினார். 1937இல் தோழர் கே.தாமோதரன் பொன்னானி விவசாயிகள் மாநாட்டுக்காக எழுதிய ‘பாட்டபாக்கி’, குத்தகை நிலுவையால் சிதையும் ஒரு ஏழைக் குடும்பத்தைக் காட்டி மலையாளத்தின் முதல் அரசியல் நாடகம் எனப் பெயர் பெற்றது. இடசேரி கோவிந்தன் நாயரின் ‘கூட்டுகிருஷி’ இந்து, முஸ்லிம் உழவர்களை ஒரே வயலில் இறக்கியது. 1952இல் தோப்பில் பாசியின் ‘நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்’ என்ற நாடகத்தைக் கே.பி.ஏ.சி. மேடையேற்றியது, மறு ஆண்டே திருவிதாங்கூர்-கொச்சி அரசு அதற்குத் தடை விதித்தது.

இந்த நாடகங்கள் அனைத்திலும் ஒரு பொது அம்சம் உண்டு. போராட்டம் தொழிற்சாலை வாயிலிலோ கச்சேரி வாசலிலோ மட்டும் நடப்பதில்லை. அது முதலில் வீட்டுக்குள் வருகிறது. தந்தைக்கும் மகனுக்கும், கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான பேச்சில் அது வடிவம் கொள்கிறது. 1957இல் கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்கு வாக்களித்த கேரளம், அந்த வாக்கைப் பற்றி முதலில் வாதிட்டது தன் சொந்தத் திண்ணையில்தான். அந்த வாதத்துக்குச் சொற்களைக் கொடுத்தவற்றுள் நாடகம் முதன்மையானது.

சேலத்தின் பங்கு

இந்தக் கதையில் தமிழகத்துக்கும் ஓர் இடமுண்டு. மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ 1961இல் வெளிவந்தது. எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், இயக்கியவர் டி.ஆர்.சுந்தரம். டி.முகம்மது யூசுப்பின் நாடகத்தைத் தழுவிய அப்படத்துக்கு உரையாடல் எழுதியவர் கே.டி.முகம்மது. ஆயிஷாவும் அதில் நடித்தார். ஒட்டுப்போட்ட கோட்டு என்பது தலைப்பின் பொருள். ஹஜ் பயணத்துக்காகக் கோட்டுக்குள் காசு சேர்க்கும் ஒரு செருப்புத் தைக்கும் முதியவர்தான் நாயகர். வண்ணம் என்றால் அரண்மனையும் நடனமும் என்றிருந்த காலத்தில், வண்ணப்படத்தின் நடுவே ஒட்டுப்போட்ட கோட்டுடன் ஓர் ஏழை நின்றார்.

1972இல் கே.எஸ்.சேதுமாதவன் இயக்கத்தில் கே.டி.யின் ‘அச்சனும் பாப்பாவும்’ திரைப்படமானது. தந்தையைக் குறிக்கும் இந்துக் குடும்பத்துச் சொல்லும் முஸ்லிம் குடும்பத்துச் சொல்லும் அருகருகே நிற்கும் தலைப்பு. தேசிய ஒருமைப்பாட்டுக்கான திரைப்பட விருது அதற்கு வழங்கப்பட்டது. மேடையிலும் அவர் ஓயவில்லை. ‘சிருஷ்டி’, ‘ஸ்திதி’, ‘சம்ஹாரம்’ எனத் தொடர்ந்த நாடகங்கள் கோழிக்கோட்டின் குழுக்களுக்கு உயிர் தந்தன. கேரள சங்கீத நாடக அகாதமியின் தலைவராகவும் பணியாற்றிய அவர் 2008 மார்ச் 25 அன்று கோழிக்கோட்டில் காலமானார்.

இரண்டு விருதுகள்

அந்த 1972ஆம் ஆண்டு விருதை நினைவில் வைத்துக்கொண்டு 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளைப் பார்க்க வேண்டும். சிறந்த இயக்கத்துக்கான விருது ‘தி கேரளா ஸ்டோரி’ படத்துக்குத் தரப்பட்டது. கேரளத்துப் பெண்கள் 32,000 பேர் மதம் மாற்றப்பட்டுப் பயங்கரவாதத்துக்கு அனுப்பப்பட்டதாக முன்னோட்டத்தில் விளம்பரம் செய்துவிட்டு, கேள்வி எழுந்ததும் அந்த எண்ணிக்கையைக் கைவிட்ட படம் அது. ஒரு மாநிலத்தின் மீதும் ஒரு மதத்தவர் மீதும் வீசப்பட்ட அவதூறுக்கு அரசின் பதக்கம் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகளில் நாடு எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு வேறு அளவுகோல் தேவையில்லை.

இங்கேதான் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. சிறுபான்மையினர் மீது இவ்வளவு கொடிய தாக்குதல் நடக்கும் வேளையில், அவர்களுக்குள் இருக்கும் பழமைவாதத்தையும் பெண்ணடிமைத்தனத்தையும் விமர்சிப்பது எதிரியின் கையில் ஆயுதம் கொடுப்பதாகாதா? கலாச்சார அமைப்புகளில் பணியாற்றும் தோழர்கள் பலருக்குள் இந்தத் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கம் நேர்மையானதே. ஆனால் அதன் விளைவு மௌனம் என்றால், அந்த மௌனத்தின் பலன் இரு தரப்பு மதவாதிகளுக்கும் போய்ச் சேரும்.

கே.டி.முகம்மதுவும் அயமுவும் அந்தக் கேள்விக்கு நடைமுறையில் பதில் தந்திருக்கிறார்கள். அவர்கள் விமர்சித்த வீட்டில் அவர்களே வாழ்ந்தார்கள். பழமைவாத முதியவரைக் கேலிப்பொருளாக்காமல், அவருடைய அச்சத்தையும் அன்பையும் சேர்த்தே எழுதினார்கள். சுரண்டுபவன் எந்த மதத்தவனாக இருந்தாலும் சுரண்டுபவனாகவே காட்டினார்கள். இந்து ஜன்மியின் கணக்குப் புத்தகத்தையும் முஸ்லிம் செல்வந்தரின் கணக்குப் புத்தகத்தையும் ஒரே விளக்கொளியில் வைத்தது அந்தக் கால மலபார் மேடை. அதனால்தான் நாடகம் முடிந்து வீடு திரும்பிய இந்துப் பார்வையாளர் அண்டை வீட்டு முஸ்லிமை வெறுக்கவில்லை. தம் வீட்டிலும் அதே அடுக்களை இருட்டு இருப்பதை உணர்ந்தார். வெளியிலிருந்து வெறுப்போடு காட்டுவதற்கும் உள்ளிருந்து உரிமையோடு கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள்.

சட்டத்தின் தடை, கும்பலின் தடை

தமிழக மேடைக்கும் இந்தப் படிப்பினை அந்நியமல்ல. 1980இல் கோமல் சுவாமிநாதன் எழுதிய ‘தண்ணீர் தண்ணீர்’, அத்திப்பட்டி என்ற வறண்ட ஊரின் தாகத்தைக் கொண்டு ஒரு முழு ஆட்சியமைப்பையே கேள்வி கேட்டது. கே.பாலசந்தர் அதைப் படமாக்கியபோது அந்த ஊர் தமிழகம் முழுவதற்கும் தெரிந்த ஊராயிற்று. அத்திப்பட்டிக்கு வெளியே எங்கும் போகாத நாடகம், இந்தியாவின் தேர்தல் அரசியல் குறித்த நாடகமாக விரிந்தது.

அன்று நாடகக் குழுக்களின் தலைக்குமேல் தொங்கிய கத்தி 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம். பரீக்‌ஷா ஞாநி தொடர்ந்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. ஆனால் சட்டத்தின் தடை தளர்ந்த இடத்தில் கும்பலின் தடை வந்து அமர்ந்திருக்கிறது. சாதி அமைப்பும் மத அமைப்பும் புகார் கொடுத்தால் போதும், மண்டபம் மறுக்கப்படுகிறது. ‘சட்டம் ஒழுங்கு’ என்ற இரு சொற்களில் கலை நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. மஞ்சேரியில் குண்டு பாய்ந்த மறுநாள் நாடகத்தை நிறுத்தியிருந்தால், ஏறநாட்டுப் பெண்களின் கல்வி வரலாற்றில் ஒரு பக்கம் எழுதப்படாமலே போயிருக்கும். தொடர்ந்து நடத்த முடிந்ததற்குக் கலைஞர்களின் துணிவு ஒரு காரணம். மேடைக்கு முன்னால் வந்து அமர்ந்த தொழிலாளர்களும் விவசாயிகளும் இன்னொரு காரணம். 1989 ஜனவரி முதல் நாள் ஜண்டாபூரில் தோழர் சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் மாண்ட பிறகு, அவருடைய குழு அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று நாடகத்தை முடித்ததும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது.

தன்விமர்சனமாகச் சில சொற்கள்

எதிரியைச் சுட்டுவதோடு நின்றுவிட்டால் இந்த வரலாற்றின் பாதியை மட்டுமே படித்ததாகும். ஆயிஷாவின் பிற்கால வாழ்க்கை மறு பாதி. மேடையில் குண்டுக்கு அஞ்சாத அந்தக் கலைஞர், வறுமையின் அழுத்தத்தால் சவூதி அரேபியாவுக்குச் சென்று நீண்ட ஆண்டுகள் வீட்டுப் பணியாளராக உழைத்தார். திரும்பி வந்த பிறகு மீண்டும் நடித்தார், விருதுகள் வந்தன, 2023இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவி ‘ஆயிஷா’ என்ற திரைப்படமும் வந்தது. கைதட்டலுக்கும் விருதுக்கும் இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளில் முற்போக்கு இயக்கம் தன் கலைஞரை எவ்வாறு பாதுகாத்தது என்ற கேள்வி கேரளத்துக்கு மட்டும் உரியதன்று. மாநாட்டு ஊர்வலத்தில் பறையடித்த கலைஞர், வீதி நாடகத்தில் பத்தாண்டுகள் நடித்த தோழர், இயக்கப் பாடல்களால் குரல் தேய்ந்த பாடகர் ஆகியோர் முதுமையில் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒவ்வொரு மாவட்ட அமைப்பும் கணக்கெடுத்தால் மனம் கசக்கும் உண்மைகள் வெளிவரும். மாநாட்டுச் செலவுக் கணக்கில் ஒலிபெருக்கிக்கு ஒரு வரி உண்டு. கலைஞரின் முதுமைக்கு வரி இல்லை.

இரண்டாவது குறை உள்ளடக்கம் சார்ந்தது. தேர்தல் காலத்தில் பத்து நிமிட வீதி நாடகம், பிறகு ஐந்து ஆண்டுகள் உறக்கம் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்திலும் முதலாளி தொப்பியோடு வருவார், அமைச்சர் பெட்டியோடு வருவார், முடிவில் முழக்கம் வரும். பிரச்சாரத்துக்கு அதுவும் வேண்டும். ஆனால் ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்றபடி வேலை செய்யும் பெண்ணின் வீக்கம் கண்ட கால், நுண்கடன் வசூலிக்க வருபவரின் வண்டி ஒலி கேட்டதும் அணையும் விளக்கு, சாதி மாறி மணந்த மகளின் பெயரைச் சொல்லாத தாய் ஆகிய எவையும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வருவதில்லை. சிறுநகர வாழ்க்கையின் வர்க்கப் போராட்டம் அங்கேதான் நடக்கிறது.

மூன்றாவது, கேள்வி கேட்கும் நாடகத்தைத் தாங்கும் மனம். தோப்பில் பாசியின் நாடகத்தில் சாதிய ஒடுக்குமுறைக்கு ஆளானவர்களுக்குத் தரப்பட்ட இடம் போதுமானதா என்று வினவி 1995இல் சிவிக் சந்திரன் ‘நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்’ என்ற பதில் நாடகத்தை எழுதினார். அது இயக்கத்துக்குள் கடும் சினத்தை எழுப்பியது. வழக்கு மன்றமும் கண்டது. அந்த நாடகத்தின் எல்லா முடிவுகளையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இறுதிக் காட்சியில் செங்கொடி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை அலட்சியம் செய்யவும் முடியாது. மதப் பழமைவாதியிடம் சகிப்புத்தன்மையைக் கோரும் இயக்கம், தன்னைப் பற்றிய நாடகத்துக்கு முன்னால் முதல் வரிசையில் வந்து அமர வேண்டும்.

மீண்டும் வண்டூரில்

கடலுக்கு அப்பாலுள்ள வண்டூருக்குத் திரும்பலாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வங்கமும் இந்தியும் பேசுவோருக்கு அடுத்தபடியாக ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழ் பேசுகிறார்கள். நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ‘ராஞ்சி’த் தொழிலாளர்களின் பிள்ளைகள், ஏறநாட்டுக் கைதிகளின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள், பிழைப்பு தேடி வந்த தமிழர்கள், தெலுங்கர்கள் ஆகியோர் கலந்து வாழும் தீவு அது. இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இவர்களிடம் மதம் கேட்கவில்லை, மொழி கேட்கவில்லை.

தில்லியின் கண்ணுக்கு இந்தத் தீவுகள் இரு வகையில் மட்டுமே தெரிகின்றன. ஒன்று, சுற்றுலா விளம்பரத்தின் நீலக் கடல். மற்றொன்று, பெரும் நிக்கோபாரில் காட்டை அழித்துத் துறைமுகமும் நகரமும் எழுப்பும் பல்லாயிரம் கோடித் திட்டத்தின் வரைபடம். இரண்டிலும் மனிதர்கள் இல்லை. படகுத்துறையில் கயிறு இழுக்கும் தொழிலாளி, பருவகாலம் முடிந்தால் வருமானமற்றுப் போகும் கடைக்காரப் பெண், நான்கு மொழிகளில் கணக்குச் சொல்லும் தேநீர்க்கடைச் சிறுவன், மஞ்சேரி என்றால் எந்த மஞ்சேரி என்று கேட்டுச் சிரிக்கும் முதியவர் எல்லோரும் அந்தப் படத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

அவர்களை உள்ளே கொண்டுவரும் பணி நாடகத்துக்கு உண்டு. அந்த நாடகத்துக்கு இடம் தரும் பணி இயக்கத்துக்கு உண்டு. பெரிய அரங்கும் பெரிய நிதியும் இல்லாமலே தொடங்கக்கூடிய வேலை இது. கட்சி அலுவலகக் கூடமும் தொழிற்சங்கக் கட்டிடமும் மாலை நேரங்களில் ஒத்திகைக்குத் திறந்திருக்கலாம். ஊரின் கதையை ஊரின் வழக்கிலேயே எழுத இளைஞர்களை ஊக்குவிக்கலாம். ஒத்திகை முடிந்து வீடு திரும்பும் பெண் கலைஞரைத் தெருவின் ஏச்சுப் பேச்சுக்கு முன்னால் தனியே விடாமல், கிளைத் தோழர்கள் உடன் நிற்கலாம். முதிய கலைஞர்களுக்கான உதவி நிதியை மாவட்ட அமைப்பின் வழக்கமான வரவு செலவுக்குள் கொண்டு வரலாம்.

மஞ்சேரியில் பிறந்த ஓர் அஞ்சல் ஊழியர், வேலை முடிந்த மாலைகளில் எழுதத் தொடங்கினார். அவருக்கு முந்திய தலைமுறையின் உழவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் சுமந்துகொண்டு கடல் கடந்தார்கள்; அவர் அந்த ஊரின் குரலை மேடைக்குக் கொண்டு வந்தார். இன்று அந்தக் குரலை அரக்கர்களின் குரலென்று சொல்பவர்கள் கையில் திரைப்படமும் தொலைக்காட்சியும் தேசிய விருதும் இருக்கின்றன. அதற்கு எதிர்ப்பேச்சு தமிழகத்தின் ஒவ்வொரு சிறுநகரிலும், அந்தமானின் வண்டூரிலும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. அதற்கான கதைகள் திண்ணைகளிலும் அடுக்களைகளிலும் ஏற்கெனவே இருக்கின்றன.